பொத்தானை அமுக்கிய பிறகு

சித்திரை 5, சனி

மிஷினை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மனம் ஒப்பி மாட்டவில்லை என்பதை முதலில் எழுதி வைக்கிறேன்.

இருபது வருஷமாக எனக்கு நானே ஊசி போட்டுக்கொள்கிறவள் நான். தொடையில் எந்த இடம் கல்லாகிவிட்டது, எந்த இடம் இன்னும் மருந்தை ஏற்கும் என்று எனக்குத் தெரியும். டாக்டர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த கோமுவைப் பார்த்தே பேசினார். "இவங்களுக்குச் சர்க்கரை இறங்குறது உடம்புக்குத் தெரியறதில்லம்மா. வேர்க்காது, நடுங்காது. நேரா மயக்கம்தான். இனிமே தனியா ஊசி போட்டுக்கிட்டு இருக்கிறது ஆபத்து." நான் அவர்களுக்கு நடுவில் மேஜை மாதிரி இருந்தேன்.

கோமு என் தம்பி சங்கரலிங்கத்தின் மகள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு முடிக்கும்வரை தென்காசியில் என்னோடு இருந்தாள். எனக்குப் பிள்ளை கிடையாது. என் வீட்டுக்காரர் போன பிறகு தையல் மிஷினும் கோமுவும்தான் வீட்டில் சத்தம் போட்டவை. இப்போது அவள் பாளையங்கோட்டையில் தாய் தகப்பனோடு இருந்து வேலைக்குப் போகிறாள். வருகிற மாதம் கல்யாணம். இந்த மிஷின் அவள் வாங்கித் தந்தது.

"எனக்கு இது வேண்டாம் கோமு" என்றேன்.

"அப்ப எங்க வீட்டுக்கு வந்திருங்க அத்தை. ரெண்டுல ஒண்ணு."

அவள் வீடு என்றால் அவள் அம்மா செண்பகத்தின் வீடு. மிஷினே மேல் என்று சொல்லிவிட்டேன்.

மேல்கையில் வட்டமாக ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். அது சென்சார். சர்க்கரையை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். இடுப்பில் பம்ப். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வயிற்றுக்குள் போகிறது. சர்க்கரை இறங்கினால் பம்ப் தானாக மருந்தை நிறுத்திக்கொண்டு கத்தும். ஆனால் சாப்பாட்டுக்கு மட்டும் நாம்தான் சொல்ல வேண்டும். எவ்வளவு சாப்பிடப் போகிறோம் என்று கணக்குக் கொடுத்து, கால் மணி முன்னால் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினால் மருந்து உள்ளே போய்விடும். போனது போனதுதான். அதைத் திரும்ப உறிஞ்ச மிஷினுக்குத் தெரியாது.

இதெல்லாம் சரி. என் சர்க்கரை நம்பர் என் போனுக்கு வந்து, அங்கிருந்து கோமுவின் போனுக்கும் போகிறதாம். நான் ஒரு வாழைப்பழம் தின்றால் பாளையங்கோட்டைக்குத் தெரியும். ஜெயிலில்கூட இப்படிக் கிடையாது.

சித்திரை 9, புதன்

மிஷினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துப் பாதி படித்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். இங்கிலீஷ் நானே ஜாக்கெட் வெட்டுகிற புத்தகங்களைப் பார்த்துப் படித்தது. இந்தப் புத்தகத்தில் ரொட்டித் துண்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் கணக்கு இருக்கிறது. புட்டுக்கு இல்லை. கூட்டாஞ்சோற்றுக்கு இல்லை. எழுதினவன் தென்காசிப் பக்கம் வந்ததில்லை.

சாயங்காலம் மிஷின் கத்தியது. எனக்கு ஒன்றும் செய்யவில்லை, பொய்யாகத்தான் கத்துகிறது என்று பேசாமல் இருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் டீச்சர் கருவேப்பிலை கேட்டு வந்தாள். அவள் வீட்டுக் கொல்லையில் கருவேப்பிலை மரமே நிற்கிறது. "என்னக்கா மூஞ்சி வெளுத்திருக்கு? ஒரு பழம் தின்னுங்களேன், நானும் திங்கேன்" என்றாள். இரண்டு பேரும் தின்றோம். போகும்போது கருவேப்பிலையை மறந்துவிட்டுப் போனாள்.

சித்திரை 16, புதன்

மிஷின் இரண்டு தடவை கத்தியது. புஷ்பம் டீச்சரும் இரண்டு தடவை வந்தாள். இரண்டும் தொல்லை.

சித்திரை 24, வியாழன்

தம்பியும் செண்பகமும் பத்திரிகை வைக்க வந்தார்கள். செண்பகம் வாசலிலேயே செருப்பை நேராகக் கழற்றி வைத்தாள். ஏதோ கேட்க வந்திருக்கிறாள் என்று அப்போதே தெரிந்தது.

அவளுக்கும் எனக்கும் இருக்கிறதை இங்கே எழுதி வைக்கிறேன். கோமுவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் கார் வைத்துக்கொண்டு வந்தாள். "இனிமே பிள்ள எங்ககிட்ட இருக்கட்டும் மைனி" என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கினாள். நான் அன்று அவளுக்குப் பிடித்த உளுந்தங்களி கிண்டி வைத்திருந்தேன். சட்டி அப்படியே இருந்தது. அன்றிலிருந்து செண்பகம் வீட்டில் நான் கை நனைத்ததில்லை. போவேன், நாற்காலியில் இருப்பேன், வருவேன். பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன்.

இன்று தாம்பாளத்தை வைத்துவிட்டுச் செண்பகம் என் இடுப்பைப் பார்த்தாள்.

"மைனி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டியளே?"

"கோவிச்சுக்கிடுத விஷயமா இருந்தா கோவிச்சுக்கிடத்தான் செய்வேன். சொல்லு."

"மாப்பிள வீட்டுக்காரங்க ஒரு மாதிரி. பொண்ணு ஒங்ககிட்ட வளந்தவன்னு அவங்களுக்குத் தெரியும். ஒங்க இடுப்புல இது தொங்குறதப் பாத்தா, குடும்பத்துல இப்படி ஒரு சீக்கான்னு..."

"கழத்தி வச்சிட்டு வரணுமாக்கும்."

"ஐயையோ, கழத்தச் சொல்லல மைனி. வெளிய தெரியாம இருந்தாப் போதும். சத்தம் மட்டும் வராம..."

"அடைக்க வேண்டியது மிஷின் வாயையா, என் வாயையா?"

"ரெண்டும் அடஞ்சாலும் நல்லதுதான்" என்றான் தம்பி. அவனுக்கு எப்போது பேச வேண்டும் என்று இந்த வயதிலும் தெரியவில்லை. செண்பகம் அவன் தொடையில் கிள்ளியதைப் பார்த்தேன்.

அவர்கள் போன பிறகு பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தேன். என் பேர் இருக்கிறது, அதுவும் உள்பக்கத்தில் கடைசியில்.

வைகாசி 4, திங்கள்

உள்பாவாடையில் பம்ப் வைக்க ஒரு பை தைத்தேன். மேலே கொசுவம் விழுந்தால் ஒன்றும் தெரியாது. முழுக்கை ஜாக்கெட் போட்டால் சென்சாரும் தெரியாது. சத்தத்தை எடுத்துவிட்டு, அதிர்ந்தால் போதும் என்று வைத்துவிட்டேன். போனிலும் அப்படியே.

கோமு கூப்பிட்டாள். "அத்தை, மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டுக்கு நீங்க வாரிய. எங்க வீட்டுலதான் பந்தி. எனக்காக ஒரு நாள் கை நனைங்க."

"பாப்போம்."

"பாப்போம் இல்ல, வாரிய. முதல் பந்தியிலேயே உக்காந்திருங்க. நேரம் தவறக் கூடாது. சத்தத்த மட்டும் எதுக்கும் அமத்தாதீங்க."

சரி என்று சொல்லி வைத்தேன். உங்கள் அம்மாவைக் கேள் என்று நாக்கு வரை வந்தது. கல்யாணப் பெண்ணிடம் அதையெல்லாம் சொல்லக் கூடாது.

கல்யாணம் முடிந்து பத்து நாளில் மஸ்கட் போகிறாள். அங்கிருந்தும் என் நம்பர் தெரியும் என்கிறாள். நம்பர் தெரியும், சரி. தெரிந்து என்ன செய்வாள்?

வைகாசி 14, வியாழன்

கல்யாணம் ஆயிற்று. நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன். யாரும் அங்கே இருக்கச் சொல்லவில்லை. வேறு இடமும் யாரும் காட்டவில்லை. ஹோமப் புகை கண்ணில் பட்டு எரிச்சல்.

வைகாசி 15, வெள்ளி

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுத வேண்டும்.

மறுவீட்டுக்குப் போனேன். தம்பி வீட்டு மாடியில் பந்தல். பந்தியில் கோமுவே என்னைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் உட்கார வைத்தாள். இலை போட்டார்கள், தண்ணீர் தெளித்தேன். இஞ்சிப் பச்சடி வந்தது. உருளைக்கிழங்கு வந்தது. சொதி வாளி அடுத்த வரிசையில் வருவது தெரிந்தது, தேங்காய்ப்பால் வாசனை. சரி, பதின்மூன்று வருஷம் கழித்துக் கை நனைக்கத்தான் போகிறோம், நிறைவாகவே சாப்பிடுவோம் என்று சோறு, சொதி, பாயசம் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு முந்தானை மறைவில் பம்பை எடுத்துப் பொத்தானை அமுக்கிவிட்டேன்.

அப்போது செண்பகம் குனிந்து காதில் சொன்னாள். "மைனி, மாப்பிளயோட பெரியப்பா இப்பத்தான் வந்து நிக்காவ. எல இல்ல. நீங்க கொஞ்சம் எந்திரிச்சு அடுத்த பந்தியில..."

தண்ணீர் தெளித்த இலை. எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் மாப்பிள்ளை வீட்டார். ஒருத்தி பச்சடியைத் தொட்ட விரலோடு என்னைப் பார்த்தாள்.

பொத்தானை அமுக்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பெண்ணின் காதில் விழும். இவள்தானே மறைக்கச் சொன்னாள்? மறைத்துவிட்டேன். எழுந்தேன். கையைக்கூடக் கழுவவில்லை, கழுவ என்ன இருக்கிறது, நனையவே இல்லையே. மாடிப்படி இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டேன். தம்பி "அக்கா, எங்கக்கா?" என்றான். நான் திரும்பவில்லை.

பையில் சீனிப் பொட்டலம் இருக்கிறது. இப்போது ஒன்றும் செய்யவில்லை. தேவைப்படும்போது தின்பேன்.

டவுன் பஸ் வரும். ஜங்ஷன் போய் அங்கிருந்து தென்காசி பஸ். வெயில் கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது. இடுப்பில் ஏதோ குறுகுறுக்கிறது. பந்தலில் எறும்பு ஏறியிருக்கும்.

சொதியில் முருங்கைக்காய் போட்டிருந்தாள். பார்த்தேன். டவுன் பஸ் வரும். என்னை எழுப்பினாள், எழுந்துவிட்டேன், எல்லாரும் பார்த்தார்கள். சொதியில் முருங்கைக்காய் போட்டிருந்தாள். எறும்பு போகவே இல்லை. பஸ் வருகிறது, இல்லை அது லாரி.

கோமு பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரமாகிவிட்டது. நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். வீடு பூட்டிக் கிடக்கும். சாவி என்னிடம்தான்

வைகாசி 18, திங்கள்

ஆஸ்பத்திரி. நேற்றுவரை கையில் டிரிப் ஏறியதால் எழுதவில்லை. மேலே இருக்கிற கடைசி வரிகள் என் கையெழுத்து என்கிறார்கள். கோடு கோடாக இருக்கிறது. நான் அப்படி எழுதுகிறவள் இல்லை.

நடந்ததைப் புஷ்பம் டீச்சர் சொன்னாள். அவளும் சொதிக்கு வந்திருந்தாள். சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன். நான் பார்க்காததற்கு நான் பொறுப்பில்லை.

கோமு வேலைக்குப் போகிற இடத்தில் போனை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்களாம். அதனால் அவளுடைய பழைய போனிலும் என் நம்பர் தெரியும்படி செய்து வீட்டில் வைத்துவிட்டுப் போவாளாம். அந்தப் போன் இவ்வளவு நாளும் அடுப்படி அலமாரியில் இருந்திருக்கிறது. செண்பகம் பக்கத்தில்.

"அவங்கதான் எனக்குப் போன் போடுவாங்க அக்கா" என்றாள் டீச்சர். "'டீச்சர், மைனிக்கு எறங்குது, ஏதாவது சாக்குச் சொல்லிட்டுப் போய்ப் பாருங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க. சொன்னா அதுக்காகவே திங்க மாட்டாவ'ம்பாங்க. எத்தன நாளைக்குத்தான் நானும் கருவேப்பிலை கேக்க?"

"நீ டீச்சரா, போலீஸா?" என்று கேட்டேன். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று அந்தப் போன் செண்பகத்தின் இடுப்பில் செருகியிருந்ததாம். பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குச் சொதி ஊற்றிக்கொண்டிருந்தபோது கத்தியிருக்கிறது. எடுத்துப் பார்த்தவள் வாளியை அவர் இலைமேலேயே வைத்துவிட்டு ஓடினாளாம். ஒரு கையில் பாயசச் செம்பு, காலில் செருப்பில்லை. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவெல்லாம் "மைனி, மைனி" என்று கத்திக்கொண்டு ஓடினாள் என்கிறாள் டீச்சர். மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள்.

நான் பெஞ்சில் சாய்ந்து கிடந்தேனாம். பல்லைக் கிட்டிக்கொண்டு வாயைத் திறக்கவே இல்லையாம். என் பையில் இருந்த சீனியை எடுத்துக் கன்னத்துக்குள் தேய்த்திருக்கிறாள். அவள் விரலைக் கடித்துவிட்டேனாம். இரத்தம் வந்தும் அவள் விரலை எடுக்கவில்லையாம். அப்புறம் ஆம்புலன்ஸ்.

மாப்பிள்ளையின் அம்மா பின்னாலேயே வந்து, "இது என்ன வியாதி? பொண்ணுக்கும் வருமா?" என்று கேட்டிருக்கிறாள்.

"வரும். எனக்கும் வரும், ஒங்களுக்கும் வரும். வழிய விடுங்க" என்றாளாம் செண்பகம்.

இதை டீச்சர் இரண்டாம் தடவை சொன்னாள். நான் கேட்டதால் சொன்னாள். சரியாகக் காதில் விழவில்லை, அதனால் கேட்டேன்.

வைகாசி 19, செவ்வாய்

செண்பகம் வந்தாள். ஆள்காட்டி விரலில் கட்டு. கஞ்சி கொண்டுவந்திருந்தாள். ஆஸ்பத்திரி கஞ்சியே போதும் என்றேன். அவள் தூக்குவாளியைக் கட்டிலடியில் வைத்துவிட்டு நின்றாள்.

"பொத்தான அமுக்கியாச்சுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா மைனி?"

"நீதான மறைக்கச் சொன்ன?"

"மறைக்கத்தான் சொன்னேன். சாகவா சொன்னேன்?"

பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். செண்பகம் குரலை இறக்கவில்லை.

"எலையில தண்ணி தெளிச்சவள எந்திரிக்கச் சொன்னியே, அதுக்கு என்ன சொல்லுத?"

"அவரு நிக்காரு, எல இல்ல. அந்த வரிசையில பூரா அவங்க ஆளு. நம்ம ஆளுன்னு இருந்தது நீங்க ஒருத்திதான். நம்ம ஆளுகிட்டதான எந்திரிங்கன்னு சொல்ல முடியும்? வேற யாரப் போய் எழுப்புவேன் நான்?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். பெண் வீட்டார் கடைசியில்தான் சாப்பிட வேண்டும் என்பது எனக்கும் தெரியும். நானும் எத்தனையோ கல்யாணத்தில் கடைசிப் பந்தியில் மோர்ச்சோறு தின்றவள்தான். இருந்தாலும் தண்ணீர் தெளித்த இலை தண்ணீர் தெளித்த இலைதான். இதில் நான் இறங்கப் போவதில்லை.

அவள் போன பிறகு நர்ஸ் தூக்குவாளியைத் திறந்தாள். வீணாகப் போகக் கூடாது என்பதற்காகக் கொஞ்சம் குடித்தேன். உப்புக் குறைவு.

வைகாசி 23, சனி

வீட்டுக்கு வந்துவிட்டேன். கோமுவும் மாப்பிள்ளையும் நாளைக்கு மஸ்கட் கிளம்புகிறார்கள். சொல்லிக்கொள்ள வந்தார்கள். மாப்பிள்ளை நல்ல மாதிரி. என் சென்சாரைப் பார்த்து, குளிக்கும்போது நனையலாமா என்று கேட்டான். அவன் அம்மா அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லையாம்.

கோமு அழுதாள். "மஸ்கட்ல வேலையில சேந்தா அங்கயும் போன் கையில இருக்காது அத்தை. அம்மா ஓடினதுல கீழ விழுந்து பழைய போனும் ஒடஞ்சிருச்சு. இனி யாரு பாப்பா? நீங்க அம்மா வீட்டுக்குப் போயிருங்க. இல்லன்னா நான் எப்படிப் போவேன், சொல்லுங்க."

"நீ பிளேன்ல போ. நான் எங்கயும் போகல."

"அத்தை, அன்னைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஆயிருந்தா..."

"ஆகலல்ல?"

மாப்பிள்ளை வாசலுக்குப் போய் நின்றுகொண்டான். கோமு என் மடியில் தலையை வைத்தாள். பம்ப் உறுத்தியிருக்கும். எடுக்கவில்லை.

வைகாசி 24, ஞாயிறு

வீட்டில் சத்தம் இல்லை. மிஷின் கத்தினால்தான் உண்டு. கத்தினால் நான் கேட்பேன். மயங்கிவிட்டால் யார் கேட்பது என்பதுதான் கேள்வி. புஷ்பம் டீச்சர் லீவுக்கு மகள் வீட்டுக்கு நாகர்கோவில் போய்விட்டாள். தம்பி இரண்டு தடவை போன் செய்து "வந்திருக்கா" என்றான். முடியாது என்றேன். என் கட்டில், என் அடுப்பு, என் கதவு. ஒருத்தி வீட்டு மூலையில் உட்கார்ந்து தட்டுக்குக் காத்திருக்க என்னால் முடியாது.

வைகாசி 26, செவ்வாய்

போனில் யார் யார் என் நம்பரைப் பார்க்கலாம் என்று ஓர் இடம் இருக்கிறது. கோமுவின் பேர் மட்டும் இருந்தது. யாரையும் கேட்காமல் நானே அதில் செண்பகத்தின் நம்பரைச் சேர்த்தேன். இரண்டு தடவை தப்பாகிப் பிறகு சரியாயிற்று.

காரணத்தை எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் வேறு மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது. என்னை இலையிலிருந்து எழுப்பினவள் இனி நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் போன் கத்த வேண்டும். ஓடட்டும்.

சாயங்காலம் அவளிடமிருந்து ஒரு சேதி வந்தது. "நம்பர் வந்துட்டு." அவ்வளவுதான்.

வைகாசி 29, வெள்ளி

மத்தியானம் சோறு வடித்துப் பொத்தானை அமுக்கிவிட்டுக் குழம்பைப் பார்த்தால் ஊசிப்போயிருந்தது. புதிதாக ரசம் வைக்க அடுப்பைப் பற்ற வைத்தேன். புளி கரைத்துக்கொண்டிருக்கும்போதே மிஷின் கத்தியது. கூடவே போனும் அடித்தது. செண்பகம். எடுக்கவில்லை. நின்று மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்தேன், இல்லையென்றால் தென்காசிக்குக் காரில் ஏறிவிடுவாள்.

"என்ன?"

"எறங்குது மைனி. போன்ல அம்பு நேரா கீழ பாத்து நிக்கி."

"எனக்கும் கண்ணு தெரியும்."

"எதாவது வாயில போட்டியளா?"

"கருப்பட்டி எடுத்தாச்சு."

"எடுத்தாச்சா, போட்டாச்சா?"

போட்டேன். பழைய கருப்பட்டி, கல் மாதிரி இருந்தது. கடிக்க வேண்டியதாயிற்று. அவள் போனை வைக்கவில்லை. அங்கே குக்கர் சத்தம் கேட்டது. யாரு என்று தம்பி கேட்பது கேட்டது. "ஒங்க அக்கா, கருப்பட்டி திங்காவ" என்றாள். "இப்பவா?" என்றான் அவன்.

அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. "உக்காந்துக்கிடுங்க" என்றாள். "இன்னொரு துண்டு." போட்டேன். கடித்தேன். சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும் என்றுதான் கடித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அவள் குக்கர் அடங்கிவிட்டது. அவளும் சாப்பிடாமல்தான் இருந்திருக்கிறாள், பாத்திரச் சத்தமே வரவில்லை.

"விரலு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நகம் கறுத்துட்டு."

"விழுந்து வேற மொளைக்கும்."

"ஆமா."

என் மூச்சு எனக்கே கேட்டது.

"ஏறுது மைனி" என்றாள்.

என் கையில் இருந்த போனில் அதற்கப்புறம்தான் தெரிந்தது. போய்ச் சாப்பிடு என்று அவளிடம் சொன்னேன். நீங்க முதல்ல சாப்பிட உக்காருங்க என்றாள். வைத்துவிட்டு, ரசத்துக்குக் காத்திராமல் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.